எழுதும் வேகம்: முந்நூற்று அறுபத்தெட்டு

2024ஆம் ஆண்டு ஜூலை 27, சனிக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஒலிநூல் மன்றம் தன் ஒலிப்பதிவாளர் ஜெயசீலியை வேலையிலிருந்து நீக்கியது. ஓர் அட்டவணையில் இருந்த மூன்று எண்களைச் சரியாகப் படித்தார் என்பதைத் தவிர அவர் வேறு குற்றம் செய்யவில்லை. நீக்கல் கடிதத்தை எழுதியவன் மன்றத்தின் செயலராகிய நான். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். அந்தக் கடிதத்தில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அப்படியொரு கடிதம் ஒரு பெண்ணின் பிழைப்பை எப்படிக் கெடுத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மன்றத்தில் அண்மையில் சேர்ந்தவர்களுக்காகச் சில சொற்கள். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கிறோம். அயனம்பாக்கம் ஏரிக்கரைச் சாலையில், எங்கள் தலைவர் பரந்தாமனுக்குச் சொந்தமான கட்டடத்தின் மாடியில், முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஓர் அறை இருக்கிறது. அதில் அமர்ந்து நாங்கள் படிப்போம். கண்ணாடிக்கு வெளியே ஜெயசீலி அமர்ந்து பதிவு செய்வார். இருமலை வெட்டுவார், தண்ணீர் லாரி பின்வாங்கும் ஓசை புகுந்துவிட்டால் கையைத் தூக்கி நிறுத்துவார். பதினோர் ஆண்டுகளில் இரண்டாயிரத்து முந்நூறு மணி நேரப் பதிவு சேர்ந்திருந்தது. நான் படித்த இலக்கணப் பாடங்கள் மட்டும் நூற்று நாற்பது மணி நேரம்.

பழைய கணிப்பொறி முனகத் தொடங்கியதால் ஜூலையில் புதியது வாங்கினோம். அதில் பதிவுகளைச் சேமிக்க, ஒரே அளவுள்ள இரண்டு வட்டுகள். எந்தப் பதிவானாலும் இரண்டிலும் ஒருசேர எழுதப்பட வேண்டும் என்று ஜெயசீலி கேட்டிருந்தார். ஒரு வட்டு கெட்டாலும் மற்றொன்றில் எல்லாம் இருக்கும். இந்த ஏற்பாட்டை அத்துறையினர் ‘மிரர்’ என்கிறார்கள். புதன்கிழமை அவரே அதை அமைத்தார். பின்பு வேகத்தை அளக்கும் நிரலை ஓட்டி, முடிவை அச்சிட்டுப் பலகையில் குத்தி வைத்தார். படிக்கும் வேகம், நொடிக்கு 365 மெகாபைட். எழுதும் வேகம் 186. ஒரு கோரிக்கைக்கு விடை வரும்வரை காத்திருக்கும் நேரம், நொடியின் ஆயிரத்தில் 12 பங்கு. அடியில் தம் கையெழுத்தில் ‘சரியா இருக்கு’ என்று எழுதியிருந்தார். ‘சரியாக இருக்கிறது’ என்று நான் திருத்தினேன். எண்களைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஜெகதீஷ் வந்தார். கரையான்சாவடியில் கணிப்பொறிக் கடை வைத்திருப்பவர். எங்களுக்கு இயந்திரத்தை விற்றவரும் அவரே. பலகையில் இருந்த 186ஐக் கண்டு முகம் சுளித்தார். வெள்ளிக்கிழமை ஜெயசீலி விடுப்பில் இருந்தபோது மீண்டும் வந்து ஏதோ மாற்றினார். அதன்பின் அளந்த முடிவைத் தலைவர் தம் கையால் முந்தைய தாளின் பக்கத்தில் குத்தினார். படிக்கும் வேகம் 372. எழுதும் வேகம் 368. காத்திருப்பு நேரம் 13. நடு எண்ணின் கீழ் சிவப்புக் கோடு.

சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடியது. ஜெயசீலி இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“சார், இது மிரர் இல்ல. கலைச்சிட்டாங்க” என்றார்.

“இன்னா மா கலைச்சாங்க?” என்றார் பரந்தாமன். “நீ வச்சது நூத்தி எம்பத்தாறு. அவன் வச்சது முந்நூத்தி அறுபத்தெட்டு. எது பெருசு, சொல்லு.”

“அவரு வச்சதுதான் பெருசு. அதான் சார் தப்பு.”

குழுவே சிரித்தது. பொருளாளர் மனோகரன், “இனிமே பெயிலான பசங்களுக்கு மிட்டாய் குடுக்கலாம்” என்றார். நானும் சிரித்தேன்.

ஜெயசீலி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “ஒத்த டிஸ்க்கு தனியா எழுதினா நூத்தித் தொண்ணூறு வரும் சார். மிரர்ல ரெண்டும் ஒரே பாடத்தத்தான எழுதுது? அப்ப எழுதுற வேகம் ஒத்த டிஸ்க்கு வேகத்தைத் தாண்டவே தாண்டாது. முந்நூத்தி அறுபத்தெட்டு வருதுன்னா பாதிய இதுலயும் பாதிய அதுலயும் பிரிச்சு எழுதுதுன்னு அர்த்தம். ஒண்ணு போனா எல்லாம் போச்சு.”

“அப்போ படிக்கிற வேகம் மட்டும் ரெண்டுலயும் ஒண்ணாத்தானே கீது?” என்று கேட்டார் தலைவர். கேள்வி நல்ல கேள்விதான்.

“படிக்கிறது அப்படித்தான் வரும். ரெண்டு காப்பி இருந்தா ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குக் குடுக்கலாம். அதனால அதப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எழுதுறதத்தான் சார் பார்க்கணும்.”

“வேகமா ஓடற குதிரைய நொண்டின்ற நீ.”

“இப்போ மிஷின் காலியாத்தான் இருக்கு. ஒரு டிஸ்க்க உருவிட்டு ஓட்டிப் பாருங்க. ஓடிச்சுன்னா நானே லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்.”

“புது வண்டி வாங்கிகினு வந்து ஒரு டயர கயட்டிட்டு ஓட்டிப் பாப்பியா மா நீ?”

மறுபடியும் சிரிப்பு. அந்த நகைச்சுவை ஒரு வாதம்போல எங்கள் நடுவில் அமர்ந்துகொண்டது. உண்மையில், ஒரு சக்கரம் கழன்றாலும் ஓட வேண்டும் என்பதற்காகவே இரண்டு வட்டுகள் வாங்கினோம். அதை அந்த அறையில் ஜெயசீலியைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

“வாத்யாரே, நீ மார்க்கு போடு. மார்க்கு போட்டா தெரிஞ்சுபூடும்” என்றார் தலைவர்.

நான் போட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் கோடு கிழித்து, ஜெயசீலியின் மூன்று எண்களைக் கூட்டினேன்: ஐந்நூற்று அறுபத்து மூன்று. ஜெகதீஷின் மூன்றையும் கூட்டினேன்: எழுநூற்று ஐம்பத்து மூன்று. முதலிடம், இரண்டாமிடம் என்று எழுதினேன். காத்திருக்கும் நேரம் கூடினால் அது குறை. அந்தக் குறையையும் மதிப்பெண்ணாக எண்ணிக் கூட்டியிருந்தேன். நொடிக்கு இத்தனை மெகாபைட் என்பதும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதும் ஒன்றோடொன்று கூடாத அளவுகள். கால் கிலோ புளியையும் அரை மணி நேரத்தையும் கூட்டிய மாணவனை நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

பதிவுகளைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழித்துவிடும்படி தலைவர் ஜெயசீலிக்குக் கட்டளையிட்டார். “மிரர் போடாம பழசுல கை வைக்க மாட்டேன் சார்” என்றார் அவர். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் கடிதம் ஆயத்தமாயிற்று. ‘அளவீட்டு முடிவுகளைப் பொருள்கொள்ளும் தகுதி இல்லாமையாலும், நிர்வாகத்தின் ஆணைக்குக் கீழ்ப்படியாமையாலும்’ என்று தொடங்கும் வாக்கியம் என்னுடையது. மதிப்பெண் தாளை இணைப்பாக வைத்தேன். ஆகஸ்டு மாதச் செய்திமடலிலும் அத்தாளை வெளியிட்டோம்.

ஜெயசீலி நின்றபடியே கடிதத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “சார், ‘தகுதி இல்லாமை’ன்னா இங்க மட்டுமா, எல்லா இடத்துக்கும் சேத்தா?” என்று கேட்டார்.

“கடிதம் தெளிவாகத்தானே இருக்கிறது” என்றேன்.

அவர் அதை நான்காக மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த வாரத்தில் ஜெகதீஷ் எல்லாப் பதிவுகளையும் புதிய இயந்திரத்துக்கு மாற்றினார். பழையதை அழித்து, எடைக்குப் போட்டார்கள்.

ஆகஸ்டு 14 முற்பகல் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பூந்தமல்லியில் உள்ள ஒரு ஸ்கேன் மையத்தின் மேலாளர், கார்த்திகா என்ற பெண். நோயாளிகளின் படங்களைக் கணிப்பொறியில் பேணிக் காக்கும் வேலைக்கு ஜெயசீலி விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னார்.

“முன்னாடி வேலை பார்த்த இடத்து லெட்டர் கேட்டோம் சார். அவங்க மறைக்காமக் குடுத்துட்டாங்க. தகுதி இல்லன்னு போட்டிருக்கீங்க. எத வச்சு சார் சொன்னீங்க?”

“அவர் அமைத்த முறையில் எழுதும் வேகம் 186. அதை மாற்றியமைத்தபின் 368. இருந்தும் பின்னதே தவறு என்றார். ஆனால் பின்னதே சிறந்தது. ஏனெனில்...”

வாக்கியம் அங்கே நின்றுவிட்டது. ஏனெனில் அது பெரிய எண் என்பதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

“முப்பதாம் தேதி வரைக்கும் போஸ்ட்டு காலியா வச்சிருக்கோம் சார். பார்த்துச் சொல்லுங்க” என்று அழைப்பைத் துண்டித்தார்.

அன்று பிற்பகல் முழுவதும் இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். எனக்கு வட்டுகளைப் பற்றித் தெரியாது. விடைத்தாள்களைப் பற்றித் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தகுதித் தேர்வின் திருத்தல் முகாமில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். இரட்டைத் திருத்தம். ஒவ்வொரு விடைத்தாளையும் இருவர் தனித்தனியே படித்து, தனித்தனிப் பட்டியலில் மதிப்பெண் இட வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படட்டும் என்பது ஏற்பாடு. அறுபது தாள் கொண்ட ஒரு கட்டைத் திருத்த ஒருவருக்கு ஒரு முழுநாள் ஆகும். இருவர் திருத்தினாலும் அதே ஒரு நாள்தான். ஒவ்வொருவரும் அறுபதையும் படித்தாக வேண்டுமல்லவா? ஒருநாள் இருவர் நண்பகலிலேயே கட்டை முடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். மற்ற மேற்பார்வையாளர்கள் அவர்களுடைய சுறுசுறுப்பைப் பாராட்டினார்கள். நான் கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். பாதி நேரத்தில் முடிந்திருக்கிறது என்றால் ஆளுக்கு முப்பதாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்றே பொருள். எந்தத் தாளும் இருமுறை படிக்கப்படவில்லை. விரைவே அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

பின்னாளில் யாரேனும் வந்து முப்பத்தேழாம் எண்ணுக்கு என்ன மதிப்பெண், பதினெட்டாம் எண்ணுக்கு என்ன மதிப்பெண் என்று கேட்டால், முறையாக இருவரும் எழுதி வைத்திருந்த கட்டில் இரண்டு பட்டியலில் எதைப் பார்த்தும் சொல்லலாம். இருவர் ஒரே சமயத்தில் இரண்டு கேள்விக்கு விடை தரலாம். படிப்பதில் வேகம் இருமடங்காகும், எழுதுவதில் ஆகாது. ஜெயசீலி சொன்னது இதைத்தான், சொல்லுக்குச் சொல். முகாமில் நான் பிடித்த திருட்டை, மன்றத்தில் முதலிடம் கொடுத்துச் செய்திமடலில் வெளியிட்டிருக்கிறேன்.

மறுநாள் விடுதலை நாள். வேலப்பன்சாவடி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பேருந்து. கரையான்சாவடியில் மெட்ரோ தூண்களுக்கிடையே சாலையைக் கடக்கவே கால் மணி ஆயிற்று. ஜெகதீஷ் பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடையில் இருந்தார்.

“இன்னா சார், லீவு நாள்ல? மிஷின் நல்லா ஓடிகினு கீதா?”

“ஓடுகிறது. அது மிரர்தானா?”

“ஸ்பீடு பாத்தீங்கள்ல சார்? அம்பத்தூர் எஸ்டேட்டுல கூட இந்த ஸ்பீடு கெடையாது.”

“நான் கேட்டது வேறு.”

“எதுக்கு சார் அதெல்லாம்? ரெண்டு டிஸ்க்கும் புச்சு. கம்பெனி வாரண்டி கீது.”

“நல்லது. இப்போதே அயனம்பாக்கம் போய் ஒரு வட்டை உருவிப் பார்க்கப் போகிறேன்.”

நான் திரும்பி ஓரடி வைத்திருப்பேன். ஜெகதீஷ் மேசையைச் சுற்றி ஓடிவந்து என் முழங்கையைப் பற்றினார்.

“அய்யய்யோ, சார்! அது மட்டும் பண்ணிடாதீங்க சார். கைய வச்சீங்கன்னா அல்லாமே பூடும்!”

கடைக்குள் அமர்ந்தோம். எனக்குத் தேநீர் வரவழைத்தார். மிரர் முறையைக் கலைத்துப் பாதிப்பாதியாகப் பிரித்தெழுதும் முறையை வைத்ததை ஒப்புக்கொண்டார்.

“நூத்தி எம்பத்தாறுன்னு போர்டுல குத்தி வச்சிருந்தாங்க சார் அந்தக்கா. பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஜெகதீஷ் கடையில வாங்கின மிஷின் ஆமை மாரி கீதுன்னு சொல்லமாட்டான்? தலைவர்ட்ட சொன்னேன், ஸ்பீட ஏத்து நைனான்னாரு. ஏத்திட்டேன்.”

“வட்டு கெட்டால் வாரண்டியில் என்ன தருவார்கள்?”

“புது டிஸ்க்கு தருவாங்க.”

“அதில் எங்கள் பதிவுகள் இருக்குமா?”

“அதெப்படி சார் இருக்கும்? காலி டிஸ்க்குதான்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தீயவர் அல்லர். கேட்ட எண்ணைக் கொடுத்தார். கேட்டவர்கள் நாங்கள். ஜூலை 27 அன்று, இயந்திரம் காலியாக இருந்தபோது, ஒரு வட்டை உருவிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இழப்பு ஏதும் இல்லை. ஆகஸ்டு 15 அன்று அதே சோதனைக்குப் பதினோர் ஆண்டுப் பதிவுகளைப் பணயம் வைக்க வேண்டும்.

அப்போதே அவரை அழைத்துக்கொண்டு அயனம்பாக்கம் சென்றேன். வெளியே தனியாக இணைக்கும் ஒரு வட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு படி எடுக்க வைத்தேன். மாலைக்குள் முடிந்தது. தலைவருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதான் காப்பி எடுத்துகினியே வாத்யாரே, அப்புறம் இன்னா? வர வாரம் மிரர் பண்ணிக்கலாம். மேட்டர் முடிஞ்சுது.”

“ஜெயசீலியின் கடிதம்?”

“அத்த ஏன் நோண்டற? நீயே மார்க்கு போட்டுட்டு நீயே அழிப்பியா? பேப்பர்ல வேற போட்டுட்டோம். ஜனம் சிரிக்கும். அக்டோபர் கூட்டத்துல பாத்துக்கலாம்.”

“முப்பதாம் தேதிக்குப் பிறகு அந்த வேலை அவருக்குக் கிடைக்காது.”

“வேற வேலையா இல்ல ஊர்ல?”

வட்டுகளைக் காப்பாற்றியாயிற்று, ஆகவே எல்லாம் சரியாயிற்று என்று நினைக்கிறார். உருவிப் பார் என்று சொன்னவரை வெளியே தள்ளிவிட்டு, அவர் சொன்னதை மட்டும் நாங்கள் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டோம். இது திருட்டு என்று தொலைபேசியிலேயே சொன்னேன். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

மறுநாள் ஜெயசீலியின் வீட்டுக்குப் போனேன். கரையான்சாவடிக் கடைத்தெருவுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. அவர் கணவர் கிறிஸ்துராஜ் செம்பரம்பாக்கத்தில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் வேலை பார்க்கிறவர். அன்று வீட்டில் இருந்தார்.

“வாங்க சார். மார்க்கு ஷீட்டு எட்த்துகினு வந்தீங்களா? நானும் ஒரு பரீச்ச எய்தலாம்னு கீறேன்.”

“சும்மா இருங்க” என்று ஜெயசீலி அவரை அடக்கினார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “பழைய மிஷின அழிச்சிட்டாங்களா சார்?” என்பதே அவருடைய முதல் கேள்வி.

அழித்ததையும், வெளிவட்டில் படி எடுத்ததையும் சொன்னேன். “அந்தக் காப்பியத் திறந்து ஒரு பத்து பாடமாவது கேட்டுப் பார்த்தீங்களா? எடுத்தது மட்டும் பத்தாது சார்.” நான் கேட்டுப் பார்க்கவில்லை. மறுநாளே கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு, நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தச் சொன்னார்.

“மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்கு சார்? ஸ்கேன் சென்டர்ல அத வாங்கிக்க மாட்டாங்க. அந்த லெட்டர மாத்திக் குடுங்க.”

“மன்றத்தின் தீர்மானம் இல்லாமல் நான் தனியாக மாற்ற முடியாது அம்மா.”

“எழுதுனது தனியாத்தான சார் எழுதுனீங்க? பேனா உங்களுது, பேப்பர் உங்களுது. நான் பக்கத்துலதான நின்னுட்டிருந்தேன்.”

கிறிஸ்துராஜ் இப்போது ஏளனம் செய்யவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

என் பெயரில் ஒரு கடிதம் எழுதி, அன்றே பூந்தமல்லிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார்த்திகா அதை இரண்டு முறை படித்தார். “உங்க மேல நம்பிக்கை இருக்கு சார். ஆனா எங்க டைரக்டர் ஃபைலத்தான் பார்ப்பாரு. நீக்கினது மன்றம், வாபஸ் வாங்கறதும் மன்றம்தான் வாங்கணும். லெட்டர்ஹெட்ல வேணும்” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

நீக்கியது குழு. ஆனால் நம் விதிகளில் பதினான்காவது, இருபத்தைந்து உறுப்பினர் கையொப்பமிட்டுக் கேட்டால் ஏழு நாளுக்குள் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும் என்கிறது. தலைவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கூட்ட வேண்டும். இன்று ஆகஸ்டு 19, திங்கட்கிழமை. நேற்றும் அதற்கு முன்தினமும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒன்பது கையொப்பம் கிடைத்திருக்கிறது. சிலர், “அதான் காப்பி எடுத்தாச்சே சார்” என்கிறார்கள். சிலர், எண்கள் தங்களுக்குப் புரியா என்கிறார்கள். ஜெயசீலியை நீக்கியபோதும் அவை புரியவில்லை. அப்போது யாரும் அதைச் சொல்லவில்லை.

ஆகவே இதைப் படிக்கும் உறுப்பினராகிய உம்மிடம் நேராகக் கேட்கிறேன். இத்துடன் அந்த இரண்டு அளவீட்டுத் தாள்களையும் என் மதிப்பெண் தாளையும் இணைத்திருக்கிறேன். நான் போட்ட கூட்டலைச் சிவப்பு மையால் அடித்து, பூச்சியம் இட்டு, என் பெயரை எழுதியிருக்கிறேன். அவற்றை நீரே படித்துப் பாரும். நான் சொல்லும் பொருள் தவறென்று தோன்றினால், ‘ஏனெனில்’ என்று தொடங்கி ஒரே ஒரு வாக்கியம் எழுதி எனக்கு அனுப்பும், ஏற்றுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தை முடிக்க முடியாவிட்டால், பின்பக்கத்தில் உள்ள கோரிக்கையில் பத்தாவது பெயராக உம்முடைய பெயரை எழுதும். புதன்கிழமைக்குள் இருபத்தைந்து பெயரும் சேர்ந்தால்தான் முப்பதாம் தேதிக்குள் ஜெயசீலியின் கையில் மன்றத்தின் கடிதம் இருக்கும். பேனாவை எடும்.